நீரிழிவுடையார் விரதம்

சைவசமயிகள் கைக்கொண்டொழுகும் விரதங்கள் பலவாம். சோமவாரம், திருவாதிரை, உமாமகேசுரம், சிவராத்திரி, கேதாரம், கல்யாணசுந்தரம், சூலம், இடபம் என எட்டும் சிவபெருமானுக்குரியன. சுக்கிரவாரம், கார்த்திகை, கந்தசட்டி என மூன்றும் முருகக்கடவுளுக்குரியன. இவற்றுள் மாசித்திங்கட் சிவராத்திரியும் ஐப்பசித்திங்கட் கந்தசட்டியும் காவிரி பாயும் சோழநாட்டிற் சிறப்பாக அனுட்டிக்கப்பெறுவன. திருவைகாவூரில் நான்கு யாமமும் கண்விழித்திருப்பாரும், சிக்கலிற் சிங்காரவேலர் அம்மைபால் வேல்வாங்கும் விழாவைக் கண்டு சட்டி முடியுங்காறும் உணவு சுருக்கியிருப்பாரும் இன்றும் மிகப் பலர்.

இவ்விரதியருள் நீரிழிவு நோயுடையாரும் உளர். அவர் தொகையும் சிறிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் நாடெங்கும் நிகழ்த்தப்பெற்று 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, இந்நாட்டில் ஏறக்குறைய 10 கோடியே 10 இலட்சம் மக்கள் இந்நோயுடையரென்று கணித்தது. ஏட்டின்முன் நெடும்பொழுது அமர்ந்தே வாழ்நாள் கழிக்கும் நம்மனோரிடையும், நெற்சோறே உணவாகக் கொண்ட இந்நாட்டு ஊர்களிலும் இந்நோய் புதுமையன்று.

யாம் ஈண்டு ஆராயப்புகும் வினா இது. நீரிழிவுடைய அடியார் ஒருவர் சிவராத்திரியன்று உபவாசமிருக்கின்றார் என்க. அவர் குருதியிலுள்ள சர்க்கரையின் அளவு, தஞ்சையிலோ சென்னையிலோ உள்ள மருத்துவருக்குக் கைப்பேசி வழியே தெரிவிக்கப்படுகின்றது. மூன்றாம் யாமத்தில் அம்மருத்துவர், அளவு குறைந்துவிட்டதென்றும் அப்பொழுதே ஏதேனும் உட்கொள்ளவேண்டுமென்றும் சொல்லுகின்றார். அடியார் யாது செய்தல் வேண்டும்? உண்பாராயின் அது விரதபங்கமாமோ? உண்ணாராயின் அது பத்தியாமோ, பிறிதொன்றாமோ? இவ்வினாவை உடல்நலம் ஒன்றனையே நோக்கி முடித்துவிடல் எளிது. ஆயின் விரதம் பூண்டார் உள்ளம் அம்முடிபால் அமைதியுறாது. சித்தாந்த நெறிபற்றி விடைகாணின் அல்லது, அவர் உண்டும் வருந்துவர்; உண்ணாதும் வருந்துவர்.

முதற்கண் விரதமாவது யாதென்று தெளிதல் வேண்டும். பட்டினி கிடத்தலே விரதமென்பது பாமரர் எண்ணம். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுகநாவலர் சைவவினாவிடையில் விரதத்திற்கு இலக்கணம் வகுக்குங்கால், உணவை விடுதலோடு சுருக்குதலையும் உடன்வைத்தே கூறினார். மனம் புலன்வழி ஓடாது நிற்றலை அதன் பயனாகவும், மெய்யன்போடு கூடிய வழிபாட்டை அதன் உயிராகவும் வைத்தார். சிவராத்திரிக்கு உபவாசமே உத்தமமென்று விதித்து, நீரோ பாலோ கொள்வார்க்கும், பழங் கொள்வார்க்கும், பணிகாரங் கொள்வார்க்கும் முறையே கீழ்ப்பட்ட படிகளையும் அமைத்தார். கீழ்ப்படியாயினும் அதுவும் விரதத்தின்பாற்பட்டதே, விரதத்துக்குப் புறம்பன்று. பசி விரதத்துக்கு ஒரு கருவி, விரதமே பசியன்று.

திருவைகாவூர்த் தலவரலாற்று வேடன் செய்தியும் இதனையே வற்புறுத்தும். வேட்டை வாய்க்காது காட்டில் அவன் பசித்துக் கிடந்த நாள்கள் பல இருந்திருக்கும். அவற்றுள் ஒன்றேனும் விரதமாயிற்றென்று எவரும் கூறார். புலியுருக்கொண்டு வந்த பெருமானுக்கு அஞ்சி மரமேறி, விழித்திருந்து வில்வம் உதிர்த்த அவ்விரவே அவனுக்குச் சிவராத்திரியாயிற்று. பசித்த வயிறு அவனை உய்விக்கவில்லை. பெருமான்மேல் வீழ்ந்த இலை உய்வித்தது.

இனி நோயினியல்பு கூறுவாம். வடநூலார் மதுமேகமென்றும் தமிழ் மருத்துவர் நீரிழிவென்றும் இதனைப் பண்டே அறிந்திருந்தனர். தஞ்சைச் சரபோசி மன்னர் (1798–1832) காலத்து மருத்துவ முறைகளைத் தொகுத்துச் சரசுவதி மகால் நூல்நிலையம் வெளியிட்ட சரபேந்திர வைத்திய முறைகளுள் நீரிழிவுச் சிகிச்சைக்கெனத் தனிப்பகுதி உண்டு. கணையத்திற் சுரக்கும் இன்சுலின் குறைதலாலாவது, சுரந்தும் உடல் அதனை ஏலாமையாலாவது குருதியிற் சர்க்கரை மிகுதலே இந்நோய். 1921ஆம் ஆண்டிற் கனடா நாட்டுத் தொராண்டோ நகரிற் பாண்டிங், பெசுட்டு என்பார் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் அது முதன்முதல் நோயாளி ஒருவருக்குச் செலுத்தப்பெற்றது. அதன்முன் உயிர்பிழைத்தற்கரியராயிருந்தார் பலர் அதன்பின் நெடிது வாழலாயினர்.

நோயில்லாதார் உண்ணாதிருப்பின், கணையம் தன் சுரப்பைத் தானே குறைத்துக்கொள்ளும்; ஈரல் தன்பாற் சேமித்துள்ள சர்க்கரையைச் சிறிதுசிறிதாக வெளியிடும். ஆதலின் ஒருநாட் பட்டினி அவர்க்கு இடர் செய்யாது. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார்க்கும், கிளிபென்கிளமைடு, கிளைமிபிரைடு முதலிய, கணையத்தை உந்தும் மாத்திரை கொள்வார்க்கும் அவ்வாறன்று. உட்சென்ற மருந்து, உணவு வந்ததோ வாராததோ என்று பாராமல் தன் தொழிலைச் செய்துகொண்டேயிருக்கும். மருந்துக்கு விரதநாள் தெரியாது. மெட்பார்மின் ஒன்றே கொள்வார்க்கு இவ்விடர் குறைவு. சிறுநீர் வழியாகச் சர்க்கரையைக் கழிக்கும் புதுமருந்துகளை உட்கொள்வார் நீரும் பருகாதிருப்பரேல், உடல் வறண்டு குருதியில் அமிலம் மிகும் அபாயமும் உண்டு. ஐப்பசி மழையிற் சம்பாப் பயிருக்குக் களையெடுத்துக்கொண்டே சட்டி விரதமிருக்கும் உழவர்க்கும், உடலுழைப்பினாற் சர்க்கரை பின்னும் விரைந்து குறையும். மற்றொருபுறம், பாரணையன்று சர்க்கரைப்பொங்கலும், ஒருபொழுதென்னும் பெயரால் அவலும் தோசையும் வாழைப்பழமும் வயிறார உண்பார்க்கு அது மிதமிஞ்சி ஏறும்.

இவ்வபாயம் கற்பனையன்று. இரமலான் நோன்பிருக்கும் நீரிழிவாளரைப்பற்றி 2001ஆம் ஆண்டில் 13 நாடுகளில் நிகழ்ந்த ஆராய்ச்சி, மருத்துவமனையிற் சேர்க்கவேண்டிய அளவு கொடிய சர்க்கரைக் குறைவு அந்நோன்பு மாதத்தில் முதல்வகை நோயினர்க்கு 4.7 மடங்கும் இரண்டாம்வகை நோயினர்க்கு 7.5 மடங்கும் மிகுந்ததெனக் கண்டது. சமயம் வேறாயினும் உடல் ஒன்றே. அவர்க்கு நேர்ந்தது நமக்கும் நேரும்.

இவ்விடருக்குத் துணையாகவே தொலைமருத்துவம் இன்று முன்வந்துள்ளது. அது நந்தமிழ்நாட்டுக்கு முற்றும் புதிதுமன்று. 2006ஆம் ஆண்டையொட்டி, அந்நாளிற் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் இந்நாளிற் செங்கற்பட்டு மாவட்டத்திலும் அடங்கிய சூணாம்பேட்டைச் சூழ்ந்த 42 சிற்றூர்களில், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் ஊர்தி ஒன்றிற் கருவிகளை அமைத்து, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் செயற்கைக்கோள் வழியே நோயாளரைச் சென்னை மருத்துவருக்குக் காட்டினர். கொள்ளைநோய்க் காலத்தில், 2020 மார்ச்சு 25ஆம் நாள், தொலைமருத்துவத்துக்கு நடுவண் அரசு விதிமுறை வகுத்தது. அடுத்த திங்களில் ஈசஞ்சீவனி என்னும் அரசின் தொலைமருத்துவத் திட்டம் வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணும் வசதியைப் பொதுமக்களுக்குத் திறந்தது. 2021 ஆகத்து 5ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் தமிழ்நாட்டரசின் திட்டத்தால், பெண் தன்னார்வலர் வீடுதோறுஞ் சென்று நீரிழிவும் குருதியழுத்தமும் உடையார்க்கு மாத்திரை கொடுத்து வருகின்றனர். விரல்நுனியிற் குருதி ஒருதுளி எடுத்து அளவு காட்டும் சிறுகருவி பல வீடுகளில் உண்டு. மேற்கையில் ஒட்டிக்கொண்டு, தோலடி நீரிலுள்ள சர்க்கரையை 14 நாள்வரை இடையறாது அளந்து கைப்பேசிக்கு அறிவிக்கும் வில்லைகளும் வந்துள்ளன. இவற்றால், வேதாரணியத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் விரதமிருப்பார் நிலையைத் தொலைநகர் மருத்துவர் நள்ளிரவிலும் அறிதல் கூடும்.

அறிதல் கூடும் என்பது சரி. அங்ஙனம் பிறரொருவர் அறிந்து உணர்த்துதல் வேண்டுவதேனோ, தன்னுடல் நிலை தனக்குத் தெரியாதோ எனின், தெரியாது என்பதே விடை. இவ்விடத்திலேதான் மருத்துவர் கூற்றும் நஞ்சித்தாந்தக் கூற்றும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

உமாபதிசிவனார் திருவருட்பயனிற் புறவிருளுக்கும் ஆணவ இருளுக்கும் வேற்றுமை காட்டினார். புறவிருள் பிறபொருள்களை மறைக்குமேனும் தன்னை மறையாது. இருள் சூழ்ந்துள்ளதென்று கண்ணுடையான் அறிவான். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். சர்க்கரைக் குறைவும் ஒருபுடை இவ்வியல்பிற்றே. மூளை தன் தொழிலுக்குச் சர்க்கரையையே பெரிதும் சார்ந்திருத்தலின், அது குறையுங்கால், குறைவை உணர்தற்குரிய அறிவே மழுங்குகின்றது. நெடுங்காலம் நோயுற்றார் பலர்க்கு நடுக்கம், படபடப்பு முதலிய முன்னறிகுறிகளும் தோன்றாதொழியும். அந்நிலையில் அருகிருப்பார் வினவின், தமக்கொன்றுமில்லையென்றே சாதிப்பர். வற்புறுத்துவாரைச் சினந்தும் கொள்வர். அவர் பொய் கூறினாரல்லர். கூறுவதற்குரிய அறிவை நோய் முன்னரே மறைத்துவிட்டது.

உயிர் தானே அறியும் இயல்பிற்றன்று. அறிவித்தால் அறிவதே அதனியல்பென்பது நம் நூற்றுணிபு. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டேனும் ஒளியின்றிக் காணாது. உயிரைப்பற்றிய பேருண்மைக்கே இவ்வாறு உணர்த்துவார் வேண்டுமெனின், சிற்றளவினதாகிய உடலைப்பற்றிய செய்திக்கு உணர்த்துவார் ஒருவரை நாடுதல் இழிவாமாறு என்னை? மருத்துவரைக் குருவோடு ஒப்பிட்டுக் கூறினோமல்லோம். உணர்த்துவாரை நம்பி நிற்றல் உயிருக்கு இயல்பு என்பதே யாம் கூறவந்தது.

பிறிதொன்றும் சைவர் சிறப்பாக எண்ணத்தக்கது. சர்க்கரை குறைந்தார்க்கு மெய் நடுங்கும்; வியர் பொடிக்கும்; நாக்குழறும்; சிலர் அழுவர்; பின்னர் மயங்கி வீழ்வர். சிவன்பால் அன்பு மீதூர்ந்தார்க்கு நிகழும் மெய்ப்பாடுகளும் நடுக்கமும் வியர்வும் நாத்தழுதழுப்பும் கண்ணீரும் பரவசமுமே அன்றோ? மூன்றாம் யாமத்துப் பூசையில், சந்நிதியில் நிற்கும் முதியார் ஒருவர்க்கு இவை தோன்றின், சூழ்ந்திருப்பார் அருள்வயப்பட்டாரென்று கைகூப்பி நிற்பர். அந்நேரத்தில் அவருக்கு வேண்டுவது கைகூப்பன்று. கரைத்த சர்க்கரை நீர். அன்பின் குறியையும் நோயின் குறியையும் கண்ணாற் பகுத்தறிதல் அரிது. கருவியோ கண்ட அளவிற் பகுத்துரைக்கும். மெய்யன்பு கருவியால் அளக்கப்படுவதன்று. ஆயின் சர்க்கரை அளக்கப்படுவதே. அளந்து பார்த்து நோயன்றெனத் தெளிந்தபின் அன்பென்று போற்றுவதால் அன்புக்கு யாதும் குறைவில்லை.

இனி, எதிர்ப்பார் கூறும் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்து விடைகூறுவாம்.

ஒருசாரார் கூறுவது: நாயன்மார் உடலை ஒரு பொருட்டாக எண்ணினாரல்லர். கண்ணப்பர் கண்ணை அகழ்ந்தார். திருச்செங்காட்டங்குடிச் சிறுத்தொண்டர் மகவையே அளித்தார். அரிவாட்டாயர் கழுத்தையே அரியப் புகுந்தார். அவர்வழி வந்தோம் எனச் சொல்லிக்கொள்ளும் நாம் எண்ணொன்று குறைந்ததென்று விரதத்தை விடுதல் தகுமோ? இது வன்மையுடைய தடையே. ஆதலின் அரிவாட்டாயர் வரலாற்றையே எடுத்து ஆராய்வாம். அது இந்நெல்வயல் நாட்டில் நிகழ்ந்ததும், பசியைப்பற்றியதும் ஆகலின்.

சோழநாட்டுக் கணமங்கலத்துத் தாயனார் செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவும் நாடோறும் இறைவனுக்குத் திருவமுதாக்குவார். வளங்குன்றியபின் கூலிக்கு நெல்லறுத்தார். கூலியாகப் பெற்ற செந்நெல்லை இறைவனுக்கு வைத்துத் தாம் கார்நெல்லை உண்டார். கூலி முற்றும் செந்நெல்லே ஆனபோது அதனை முற்றும் இறைவனுக்கே ஆக்கித் தாம் கொல்லைக்கீரையும், அதுவும் அற்றபின் தண்ணீருமே கொண்டார். ஒருநாள் அமுது சுமந்து செல்லுங்கால், பசியாற் றளர்ந்து வீழ, அமுது வயல்வெடிப்பிற் சிந்திற்று. இறைவன் அமுது செய்யப்பெறாமை பொறாது அரிவாளைக் கழுத்திற் பூட்டினார். அவ்வெடிப்பினின்றும் எழுந்த திருக்கை அவர் கையைப் பற்றித் தடுத்தது.

இதன்கண் இரண்டு கருத்துகள் உளங்கொளத்தக்கன. தாயனார் பசித்தது பசித்தலைக் குறித்தன்று. தமக்குரிய உணவை இறைவனுக்கு ஆக்கினமையாற் பசி தானே வந்தது. நாள் எண்ணிப் பட்டினி நோற்றாரல்லர். இஃதொன்று. அவர் தம்மை அழிக்கப் புகுந்தபோது இறைவன் அதனை ஏற்றானல்லன். கையைப் பிடித்துத் தடுத்தான். இஃதிரண்டு. கண்ணப்பர் மற்றைக் கண்ணையும் அகழப் புகுந்தபோதும் அவ்வாறே கைபற்றித் தடுத்தருளினான். சிறுத்தொண்டர்பால் இறைவனே அடியார் வடிவில் வந்து கேட்டான். கேட்டவாறே மகவைத் திரும்பவும் அளித்தான். நம் நீரிழிவாளரிடம் உயிரைக் கேட்டு வந்தார் யார்? தாம் தொடங்கியதைத் தாம் முடித்தேமென்னும் செருக்கு ஒன்றே கேட்கின்றது. நாயன்மார் தம்மை மறந்து செய்ததை, நாம் நம்மை நினைந்து செய்தல் அவர்வழிப்படுதலாகாது.

அடியார் பசித்திருத்தலை இறைவன் பொறான் என்பதற்கும் இந்நாட்டிலேயே சான்றுகள் உள. திருக்குருகாவூருக்கு வரும் வழியிற் பசித்துக் களைத்த சுந்தரமூர்த்திகளுக்குப் பந்தர் அமைத்துப் பொதிசோறு அளித்தான். திருவீழிமிழலையிற் பஞ்சம் நேர்ந்தபோது, அடியார் உண்ணும் பொருட்டு அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாடோறும் படிக்காசு வைத்தருளினான்.

மற்றொருசாரார் கூறுவது: வருவது வினைவழி வரும், காப்பவன் சிவன், கருவியையும் மருத்துவரையும் நம்புதல் அவன்பால் நம்பிக்கையின்மையே. இதற்குத் திருஞானசம்பந்தரே விடை அருளியுள்ளார். கொடிமாடச்செங்குன்றூரில் உடன்வந்த அடியாரைக் குளிர்சுரம் பற்றியபோது, அவர் வினையென்று வாளாவிருந்தாரல்லர். திருநீலகண்டத் திருப்பதிகம் பாடி நோய்தீர்த்தார். இத்துன்பம் முன்னை வினையின் பயனென்று சொல்லிவிட்டு, உய்யும்வழி தேடாதிருத்தல் குறையே என்பது அப்பதிகத்தின் கருத்து. வினையை ஊட்டுபவனும் சிவன். தீர்க்கும் வாயிலைக் கூட்டுபவனும் சிவன். அவன் கூட்டிய வாயிலை ஒதுக்கிவிட்டு அவன் காக்கவில்லையென்றல் முறையன்று.

இன்னும் ஒருசாரார் கூறுவது: மருத்துவர் நம் சமயத்தரல்லாதாராகவும் இருக்கலாம், அவர் சொல்லால் விரதத்தை விடுதல் எங்ஙனம் பொருந்தும்? பொருந்துமாறு கூறுவாம். உடலின் நிலை இதுவென்று கூறுதலே மருத்துவர்க்குரியது. அந்நிலையில் இன்னது செய்க என்று விதித்தல் குருமரபுக்குரியது. அவ்விதி முன்னரே வகுக்கப்பட்டிருப்பின், நள்ளிரவில் மருத்துவர் அறிவிப்பது ஒரு செய்தியே அன்றி விதியன்று. சூரியன் எழுந்ததென்று எவன் சொல்லினும் சந்தி நமதே.

குருதித்துளி எடுத்தல் தூய்மைக்கு மாறன்றோ, பூசைநேரத்துக் கைப்பேசி மனத்தைச் சிதைக்குமன்றோ எனின், இவை இடமும் முறையும் அமைத்துக்கொள்ளத் தீர்வன. திருக்கோயிலின் உள்ளே ஊசியிடல் வேண்டா. புறத்தே மடத்திலோ வீட்டிலோ பார்த்து, கைகால் சுத்தி செய்து, திருநீறிட்டு மீளலாம். வில்லை ஒட்டிக்கொண்டார்க்கு அடிக்கடி குத்திப் பார்க்கும் வேலையும் பெரிதும் குறையும். கைப்பேசியை விரதியிடம் வையாது, உடன்வந்த உறவினரிடம் வைத்தலே சாலச் சிறந்தது. குறைவு நேருங்கால் அதனைக் கையாளும் அறிவு விரதிக்கு இராது என்பது மேலே காட்டப்பட்டது.

இறுதித் தடை யாவற்றினும் நுண்ணியது: இவ்வாயில் திறக்கப்படின், பசி பொறாதார் அனைவரும் நோயைக் காரணங்காட்டி உண்பர், விரதமே ஒழியும் என்பது. இதற்கு அஞ்சியே பெரியோர் பலர் வாய்திறவாதிருக்கின்றனர் போலும். பசிநாக்குக் காட்டும் காரணத்தை நம்பலாகாது என்பது உண்மையே. ஆயின் செருக்கு காட்டும் காரணத்தையும் நம்பலாகாது. உண்ணென்று பசி சொல்லும், உண்ணாதேயென்று செருக்குச் சொல்லும், இரண்டும் தன்னலமே. இவ்விரண்டுமில்லாத சான்று ஒன்று வேண்டும். நூறு மில்லிலிட்டர் குருதியிற் சர்க்கரை 70 மில்லிகிராம் என்னும் எண் எவர் முகத்துக்கும் நோக்காது. 110 காட்டுங்கால் இளைப்பாயிருக்கின்றதென்று உண்பார்க்கு அது இடங்கொடாது. 62 காட்டுங்கால் நன்றாயிருக்கின்றேனென்று மறுப்பார்க்கும் அது இடங்கொடாது. ஆகலின் இவ்வாயில் விரதத்தைத் தளர்த்துவதன்று, போலிக்காரணங்களினின்றும் காப்பதே.

இனி எம் முடிபு கூறுவாம். விரதத்துக்குத் தொடக்கம் சங்கற்பம். நீரிழிவுடையார் சங்கற்பஞ் செய்யும்போதே, உடலிற் சர்க்கரை இன்ன அளவிற்குக் கீழ்ப்படினும் இன்ன அளவிற்கு மேற்படினும், உரிய உணவும் மருந்தும் உட்கொண்டு வழிபாட்டைத் தொடர்வேனென்று இறைவன் திருமுன் உரைத்தல் வேண்டும். அங்ஙனம் உரைத்தார் பின்னர் உண்பது விரதபங்கமாகாது, சங்கற்பத்தை நிறைவேற்றுதலேயாம். பசி வாராமுன் செய்த நிபந்தனையாதலின் அதிற் பசியின் கலப்பில்லை. மனந்தெளிந்தபோது செய்தமையின், மனங்கலங்கியபோது புதிதாக ஆராயவேண்டுவதுமில்லை.

இதனினும் ஒருபடி மேலே கூறவல்லோம். விரதத்தில் இறைவனுக்குப் படைக்கப்படுவது பசியன்று. யான் எனதென்னும் முனைப்பே. நான்கு யாமமும் நோற்று முடித்தேனென்று மறுநாட் கூறும் பெருமையை விட்டு, உணர்த்துவார் சொற்குப் பணிந்து மூன்றாம் யாமத்திற் பானகம் பருகியவர், பசித்தாரினும் அரியதொன்றைக் கொடுத்தவராவர். மற்றவர் சோற்றைத் துறந்தனர். இவர் செருக்கைத் துறந்தார்.

செய்முறையும் சிறிது கூறல் வேண்டும். முதல்வகை நீரிழிவாளர், கருவுற்றார், சிறுநீரகங் கெட்டார், அண்மையிற் கொடிய சர்க்கரைக் குறைவுற்றார், தனித்து வாழும் முதியோர் ஆகியோர் உபவாசத்தைத் தவிர்த்தலே முறை. அவர்க்குத் திருமுறை ஓதலும், பூத்தொடுத்தலும், விரதியர்க்கு அன்னம் பாலித்தலும் உள. இவை விரதத்தினும் தாழ்ந்தனவல்ல. ஏனையோர் விரதநாளுக்குச் சில கிழமை முன்னரே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளல் வேண்டும். தாமாக மருந்தை நிறுத்தலும் ஆகாது. சர்க்கரை 70க்குக் குறையின், ஏறக்குறைய 15 கிராம் குளுக்கோசோ சர்க்கரையோ நீரிற் கரைத்துப் பருகி, 15 நிமிடங் கழித்து மீண்டும் அளந்து பார்த்தல் வேண்டும். அளவு ஏறியபின் சிறிது உணவும் கொள்ளல் வேண்டும். நம் கோயில்களில் நிவேதிக்கும் பானகமே இதற்கு அமைந்துளது. இறைவன் பிரசாதமென்று கொள்வார்க்கு மனவருத்தமும் இராது. நினைவிழந்தார் வாயில் எதனையும் ஊற்றலாகாது. 108 என்னும் எண்ணுக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

தொலைமருத்துவத்துக்கும் எல்லை உண்டு. தொலைவிலிருப்பார் கண்டு சொல்லலாம். தாங்கிப் பிடித்தல் அவர்க்கு இயலாது. 2018 நவம்பர் 16ஆம் நாள், கந்தசட்டி முடிந்த சின்னாளில், கசாப்புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறியபோது மின்கம்பங்களும் தொலைபேசிக் கோபுரங்களும் வீழ்ந்து ஊர்கள் பல தொடர்பற்றுக் கிடந்தமை இந்நாட்டார் மறந்திரார். ஆதலின் அருகிலொருவர் இருத்தல் வேண்டும். அவர்க்குக் குறியும் செயலும் முன்னரே கற்பிக்கப்பட்டிருத்தல் வேண்டும். தொலைவிலுள்ளார் கண்ணாக, அருகிலுள்ளார் கையாக இருப்பரேல் விரதிக்குக் காவல் நிரம்பும்.

நிறைவாக மடங்களின் கடமைபற்றி ஒன்று விண்ணப்பஞ் செய்வாம். நாகூரும் முத்துப்பேட்டையும் அதிராம்பட்டினமும் அடங்கிய இந்நாட்டில் நம் அயலாராகிய இசுலாமியர்க்கு இரமலான் நோன்புபற்றி உலக நீரிழிவுக் கூட்டமைப்பும், நீரிழிவு–இரமலான் பன்னாட்டுக் கூட்டணியும் சேர்ந்து 2016இல் வழிகாட்டி நூலொன்று வெளியிட்டு, 2021இல் அதனைப் புதுக்கின. சமய அறிஞர் இசைவோடு எழுந்த அந்நூல், 70க்குக் கீழோ 300க்கு மேலோ சென்றால் நோன்பை முடிக்கவேண்டுமென்றும், அளந்து பார்த்தற்குக் குருதி எடுத்தலால் நோன்பு முறியாதென்றும் கூறிவிட்டது. அதனால் அவர்க்கு நள்ளிரவு ஐயம் ஒழிந்தது. திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் முதலிய திருமடங்கள் சூழ்ந்த இந்நாட்டிற் சைவர்க்கும் அத்தகைய ஆணையொன்று மருத்துவரைக் கலந்து வகுக்கப்படின், எத்துணையோ உயிர்கள் அமைதியுறும். கோயிலும் மருத்துவமும் பகையென்பது நம் வழக்கன்று. தஞ்சையிற் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர்சாலைக்கு மருத்துவக்காணி அளித்த குந்தவையார், இராசராசேச்சுரத்துக்குச் செப்புத்திருமேனிகளும் அளித்தவரே.

மூலன் என்னும் இடையனுடைய உடலுட் புகுந்து, திருவாவடுதுறையில் அரசின்கீழ் எழுந்தருளியிருந்த திருமூலநாயனார், முன்னர் உடம்பை இழிவென்று எண்ணியிருந்ததாகவும், அதனுள்ளே உத்தமன் கோயில்கொண்டிருத்தலைக் கண்டபின் அதனை ஓம்பியதாகவும் திருமந்திரத்திற் கூறியருளினார். தமக்குரியதல்லாத உடம்பையே அவர் அவ்வாறு ஓம்பினாரெனின், இறைவன் நமக்கென்றே தந்த உடம்பை நாம் ஓம்புமாறு கூறல் வேண்டா. மாசித்திங்கள் வருமுன்னரே இவ்வாராய்ச்சியைப் பெரியோர் திருவுள்ளத்தடைத்து, ஏற்பன ஏற்று, திருத்துவன திருத்தி, அடியார்க்கு ஆணை வழங்குமாறு வேண்டுகின்றோம்.

சிவம்.